ஹேட்ச்காரர்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, எங்கே போனாலும் இவர் இருப்பார். பெரும்பாலும் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில். 'பில்டிங் பிளான், எஸ்டிமேட், அப்ரூவல்' என்று போர்டு தொங்கும். அதை நம்பிப் படியேறினால் அவர் சுவர் வரைந்துகொண்டிருக்க மாட்டார். சுவருக்குள்ளே எதை நிரப்பலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

இவருக்குப் படியளப்பது பாலாறு. அதில் கலந்த தோல் கழிவுநீர் பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, சுத்திகரிப்பு இல்லாமல் தோல் பதனிடும் ஷாப்பு ஓட்ட முடியாது என்றாகிவிட்டது. சுத்திகரிப்புக்குத் தொட்டி வேண்டும், தொட்டிக்கு டிராயிங் வேண்டும், டிராயிங்குக்கு இவர் வேண்டும்.

வரைபடத்தில் இடத்தை நிரப்பும் கோட்டு வடிவத்துக்கு ஹேட்ச் என்று பெயர். மற்ற டிராஃப்ட்ஸ்மேன்கள் அதற்கு ஆட்டோகேடில் தயாராக இருக்கும் 45 டிகிரிச் சாய்கோட்டை எடுத்து, செங்கல், இரும்பு, எல்லாவற்றுக்கும் அதையே இழுத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். நம்மவருக்கு அது ஆகாது. "சுண்ணாம்புத் தொட்டிக்கும் பச்சைத்தோல் கிடங்குக்கும் ஒரே கோடா? பாக்கறவன் என்ன நெனைப்பான்?" என்பார். பார்க்கிறவன் ஒன்றும் நினைக்கப்போவதில்லை. சீல் குத்த இடம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பான். இதை அவரிடம் யார் சொல்வது?

ஆகவே நோட்பேடைத் திறந்து சொந்த ஹேட்ச் எழுதுவார். முதல் வரியில் நட்சத்திரக் குறியும் பெயரும், அடுத்த வரியில் எண்கள். வெள்ளாட்டுத் தோலுக்கு அவர் எழுதியது இது: 0, 0,0, 1.5,3, 0,-3. முதல் பூஜ்யம் கோணம். அடுத்த இரண்டும் தொடங்கும் இடம். ஒவ்வொரு வரிசையும் 1.5 பக்கவாட்டில் நகர்ந்து, 3 மேலே ஏறும். அதற்கடுத்த பூஜ்யம் ஒரு புள்ளி. மைனஸ் 3 என்றால் பேனாவைத் தூக்கிக்கொண்டு மூன்று தள்ளிப் போக வேண்டும். வாசலில் அம்மா வைக்கிற ஊடுபுள்ளிக் கோலமேதான். ஆனால் இதில் வளைகோட்டுக்கு வழியே இல்லை. நேர்கோடும் புள்ளியும் மட்டும். ரோமக்கால் வட்டமாகத் தெரிய வேண்டும் என்று துண்டுக் கோடுகளை அவர் கோத்த இரவுகளில் கம்ப்யூட்டர் ஹேங் ஆகிக் கிடக்கும். கடைசி வரிக்குப் பிறகும் ஒரு எண்டர் தட்ட வேண்டும் என்பதை, வேலை கற்க வரும் பையன்களுக்கு மந்திர உபதேசம்போலக் காதோடு சொல்வார்.

பிரியாணிக் கடை ஒன்றின் பிளானில் டைனிங் ஹால் முழுக்கச் சீரகச் சம்பா ஹேட்ச் போட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு. அவர் மறுப்பதில்லை.

பிரிண்ட் வரும்போது தாளில் பாதி கறுப்பாக இருக்கும். ஒருமுறை ஷாப்பு முதலாளி அதை விரித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி தம்பி, செவுரு எங்கப்பா?" என்று கேட்டார். கூட வந்திருந்த செலக்‌ஷன் மேஸ்திரி, கட்டைவிரலால் தடவியே தோலின் தரம் பிரித்து முடி நரைத்தவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாள்மேல் குனிந்தார். கிடங்கு இருந்த மூலையை விரலால் தடவினார்.

"இது என்ன தோலு?"

"வெள்ளாடு, மேஸ்திரி."

"மாடு மாதிரி இருக்கே. மாட்டுக்குத்தான் ரோமக்கால் இப்படி ஒண்ணுபோலப் பரவியிருக்கும். ஆட்டுக்குக் கொத்துக் கொத்தா வரிசை கட்டி இல்ல நிக்கும்?"

இத்தனை வருஷத்தில் அவருடைய ஹேட்சைப் படித்த முதல் ஆள். முதலாளி சுவரைப் பற்றி இரண்டாம் முறை கேட்டது காதில் விழவேயில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு மேஸ்திரியை உட்காரவைத்தார், கீழே குரல் கொடுத்து ஸ்பெஷல் டீ சொன்னார், நோட்பேடைத் திறந்தார்.

"மேஸ்திரி, ஒரு கொத்துக்கு எத்தனை? மூணா, நாலா?"