பீரோவைத் தொட்டாச்சா?

கம்ப்யூட்டரோடு வந்த கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படிக்கிற ஒரு இனம் உண்டு. எங்கள் பெரியப்பா அந்த இனம். வைரஸுக்கு அவர் அஞ்சுவதில்லை. கரண்ட் போனாலும் பதறுவதில்லை. அவருடைய ஜென்ம விரோதி ஸ்டாட்டிக் என்கிற நிலைமின்சாரம்.

கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைய ஆசாரம் உண்டு. செருப்பு கூடத்தோடு சரி. நைலக்ஸ் புடவை கட்டிய நாளில் பெரியம்மா காபியை வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். மவுஸில் கை வைக்கும் முன் எதிரே நிற்கும் இரும்பு பீரோவை ஒரு தரம் தொட வேண்டும். "உடம்புல இருக்கிற கரண்ட்டை அங்க இறக்கி வச்சுட்டு வா!" மறந்து உட்கார்ந்தவனை எழுப்பி அனுப்புவார். பீரோ கைப்பிடி பிரதோஷ நந்தியின் கொம்பு மாதிரி பளபளத்துக் கிடக்கிறது.

மனிதர் சொல்வது பொய்யில்லை. வறண்ட காற்றில் கம்பளத்தின் மேல் நடந்தால் உடம்பில் 35,000 வோல்ட் வரை ஏறலாம் என்கிறார்கள். நமக்குச் சுரீரென்று உறைக்கவே 3,000 வோல்ட் வேண்டும். சில சிப்புகளுக்கு 100 வோல்ட்டே எமன். ஆனால் பெரியப்பா இருப்பது திருவான்மியூர். பொரித்த அப்பளம் இலைக்கு வருவதற்குள் நமத்துப்போகிற இடம். அங்கே மொசைக் தரையில் வெறுங்காலோடு நடப்பவன் உடம்பில் ஏறுவது வியர்வைதான்.

"அப்ப இது என்னடா?" என்று கேபினெட்டின் பின்பக்கத்தைப் புறங்கையால் தடவச் சொல்வார். எறும்பு ஊர்கிற மாதிரி சுருசுருவென்று இருக்கும். "பார்த்தியா, ஸ்டாட்டிக்!" பேரன் பிறந்தபோதுகூட அந்த முகத்தில் இவ்வளவு பூரிப்பு இல்லை.

கம்ப்யூட்டரின் ராம் (RAM) மக்கர் பண்ணி ஒருநாள் சர்வீஸ் பையன் வந்தான். அதை உருவி, பள்ளிக்கூட ரப்பரால் அதன் பல்லைத் தேய்த்தான். "ஓரத்தைப் பிடிப்பா, ஓரத்தை!" என்று பெரியப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பையன் அசராமல் எல்லாவற்றையும் மாட்டி, கரண்ட் கொடுத்து, கேபினெட்டில் டெஸ்டரை வைத்தான். மினுக்கென்று எரிந்தது.

"ஸ்டாட்டிக்னா ஒரு தடவை பட்டுனு அடிச்சுட்டுப் போயிடும் சார். இப்படி ஊறிக்கிட்டே இருக்காது. உங்களுக்கு எர்த்தே இல்ல."

ஜங்ஷன் பாக்ஸைப் பிரித்துக் காட்டினான். மேலே மூன்று ஓட்டை. உள்ளே இரண்டே ஒயர். பவர் சப்ளையில் கசிகிற துளி மின்சாரம் போக வழியில்லாமல் இரும்புப் பெட்டியிலேயே குடியிருந்திருக்கிறது.

போகிற போக்கில் பீரோவின் காலையும் பார்த்தான். துரு ஏறாமலிருக்க நான்கு மரக்கட்டை.

"இதுல எங்க சார் இறங்கும்?"

பெரியப்பா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியன் வந்து, கம்ப்யூட்டருக்கு எர்த் இழுத்துக் கொடுத்துவிட்டுப் பையை மூடினார்.

"இருப்பா, இருப்பா. அப்படியே அந்த பீரோவுக்கும் ஒண்ணு இழுத்துடு."