கேட் கலரில் ஒரு டாப்பெட் கவர்

ஜமுனாமரத்தூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் மூன்று வாரமாகச் சாக்கு விரித்து, அதன்மேல் ஓர் அம்பாசடரின் இன்ஜின் பாகங்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். உரிமையாளர் காலையும் மாலையும் அவற்றைச் சுற்றி வந்தார். (அந்த உரிமையாளர் இதை எழுதுபவர்தான். சொந்த அசட்டுத்தனத்தைச் சொல்லும்போது படர்க்கை கொஞ்சம் கைகொடுக்கிறது.) பெயின்ட் அடிப்பதா, பவுடர் கோட்டிங் போடுவதா என்பது அவருடைய கவலை. சாமை மூட்டையோடு போன ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "இன்னா சார், எடைக்குப் போடறீங்களா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

"இல்லைங்க, பவுடர் போடப் போறாராம்" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. அதற்குமேல் அவர் விளக்கவில்லை.

எல்லாம் ஓர் எண்ணெய்க் கசிவில் தொடங்கியது. வண்டி மார்க் 4. பிரிட்டனின் பிஎம்சி வடிவமைத்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். அந்த வகை இன்ஜினுக்கு எண்ணெய் ஒழுகுவது வியாதி அல்ல, சுபாவம். ஆனாலும் மெக்கானிக் இறக்கிப் பார்த்துவிடலாம் என்றார். இறக்கினார்கள். "கழற்றினதுதான் கழற்றினோம், அப்படியே..." என்று உரிமையாளர் ஆரம்பித்தார். வீடு கட்டுகிறவர்களும் பழைய வண்டி வைத்திருப்பவர்களும் கடனாளி ஆவது இந்த 'தான்' என்ற ஒற்றை அசையில்தான்.

பவுடர் கோட்டிங் என்றால் நம் ஊரில் கிரில் கேட்டும் அலுமினிய ஜன்னலும் நினைவுக்கு வரும். தின்னர் கிடையாது, பிரஷ் கிடையாது. உலர்ந்த பிளாஸ்டிக் பொடிக்கு மின்னேற்றம் கொடுத்து கன் வழியாகப் பீய்ச்சுவார்கள். தொங்கவிட்ட இரும்புக்கு எர்த் கொடுத்திருப்பார்கள். எர்த் இருப்பதால்தான் பொடி தேடிப்போய் ஒட்டிக்கொள்கிறது. கன் காட்டாத பின்பக்கத்தைக்கூட ஓரளவு வளைத்துப் பிடித்துவிடும். பிறகு 180 முதல் 200 டிகிரி அடுப்பில் பத்து இருபது நிமிடம். பொடி உருகி, பரவி, இறுகிவிடும். இறுகியது மறுபடி சூடாக்கினாலும் உருகாது. வெந்த தோசை மாவாகத் திரும்பாதது போல. இந்த வித்தைக்கு மூலவர் எர்வின் கெம்மர் என்ற ஜெர்மானியர். 1950களின் தொடக்கத்தில் அவர் பொடியைப் பீய்ச்சவில்லை. காற்றூதி மிதக்கவிட்ட பொடிக்குள் சூடான இரும்பை முக்கி எடுத்தார். மின்னேற்றி அடிக்கும் கன் 1960களில்தான் வந்தது.

ஆக, திண்ணையில் இருந்த ஒவ்வொரு பாகத்தையும் உரிமையாளர் மாப்பிள்ளை பார்ப்பது போலப் பார்க்கத் தொடங்கினார். அடுப்பைத் தாங்குமா? சுத்தமாக இருக்குமா? பிறகு எந்தச் சூட்டில் வாழப்போகிறது?

எக்ஸாஸ்ட் மேனிபோல்ட் முதலிலேயே தள்ளுபடி. மலையேற்றத்தில் அது படும் சூட்டைச் சாதாரண பாலியெஸ்டர் பொடி தாங்காது, கருகி உதிரும். சிலிக்கோன் கலந்த தனிப் பொடி உண்டு. ஆனால் கேட்டுக்கு அடிக்கிற கடையில் அதை யார் வாங்கி வைப்பார்கள்? கார்புரேட்டர் நுண்ணிய துளைகளால் ஆனது. கிட்டேயே போகக் கூடாது.

பிளாக் மீதுதான் அவருக்கு ஆசை அதிகம். மெக்கானிக் ஒரே உவமையில் அதை முடித்துவைத்தார்: "சாமையில கல்லு இருந்தா இன்னா ஆகும் சார்?" பூச்சு பிடிக்க வேண்டுமானால் முதலில் மணலடித்துச் சுரண்ட வேண்டும். அந்தத் துகள் எண்ணெய் போகும் வழிகளில் புகுந்துகொள்ளும். எவ்வளவு கழுவினாலும் ஏதோ ஒரு மூலையில் ஒன்று தங்கி, ஓட்டம் பிடித்த பிறகு பேரிங்கைத் தின்னும். போதாக்குறைக்கு வார்ப்பு உலோகத்தின் நுண்துளைகளில் பல வருட எண்ணெய் ஊறியிருக்கும். அடுப்பில் அது ஆவியாகிப் பூச்சைத் தள்ளும். மேல்பரப்பு பொரித்த அப்பளம் மாதிரி ஆகிவிடும். பொடி அடிக்குமுன் ஒருமுறை வெறுமனே வேகவைத்து எண்ணெயை விரட்டுவது இதற்காகத்தான்.

கடைசியில் தேறியவை தகட்டாலான டாப்பெட் கவர், ஏர் கிளீனர் டப்பா, சில பிராக்கெட்டுகள். டாப்பெட் கவர் நூறு டிகிரியைச் சுற்றித்தான் சூடாகும். 200 டிகிரியில் வெந்து வந்த பூச்சுக்கு அது வெந்நீர்க் குளியல்.

இருந்தாலும் மனம் துணியவில்லை. ஒரு சனிக்கிழமை, ஆலங்காயம் போகும் வழியில் இருக்கும் காவலூர் வானாய்வகத்துக்குப் போனார். 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி திறந்து வைத்த 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. எல்லாரும் நட்சத்திரம் பார்க்கப் போனார்கள். இவர் பூச்சு பார்க்கப் போனார். அந்தப் பெரிய கண்ணாடியின் பளபளப்பு அலுமினியப் பூச்சால் வருவது. மங்கினால் பழையதைக் கரைத்து எடுத்து, கழுவி, அங்கேயே வெற்றிடக் கலத்துக்குள் வைத்து அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவிடுவார்கள். அந்தப் படலம் சுமார் 100 நானோமீட்டர். பவுடர் கோட்டிங் பொதுவாக 60 முதல் 80 மைக்ரான். அதாவது குறைந்தது அறுநூறு மடங்கு தடிப்பு. பிரபஞ்சத்தைப் பார்க்க அவ்வளவு போதும், எண்ணெய் மூடிக்கு இவ்வளவு வேண்டியிருக்கிறது. இந்தக் கணக்கு ஏன் அவருக்குத் தைரியம் கொடுத்தது என்று கேட்காதீர்கள். கொடுத்தது.

மறுவாரம் பாகங்களைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் மலையிறங்கி ஒரு பவுடர் கோட்டிங் கடைக்குப் போனார். கரும்பச்சை வேண்டும் என்றார். கடைக்காரர் அடுப்பைக் காட்டினார்: உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய இரட்டைக் கதவு கேட். நிறம் மாற்றினால் கன், ஹோஸ், பூத் எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். நாலு துண்டு தகட்டுக்காக யார் அதைச் செய்வார்கள்? "இன்னிக்குச் சாம்பல்தான் சார் ஓடுது." ஓட்டல் சட்னி மாதிரி, அன்றைக்கு என்னவோ அதுதான். "எங்கயாவது டேப் ஒட்டணுமா சார்?" என்றும் கேட்டார். டாப்பெட் கவரில் கேஸ்கெட் உட்காரும் விளிம்பை மட்டும் காட்டினார் இவர். "பிராக்கெட்ல ஒரு இடம் விடாம அடிச்சுடுங்க, துருவே வரக் கூடாது."

இன்ஜின் ஏறியது. டாப்பெட் கவர் பெரிய வீட்டு வாசல் போல மின்னியது. ஸ்டார்ட் கொடுத்தார். 'டக்' என்றது. மறுபடி 'டக்'. மூன்றாம் தடவை டாஷ்போர்டிலிருந்து மெல்லப் புகை வந்தது. சோக் நாபைத் தொட்டவர் கையை உதறினார்.

"சோக் கம்பி சுடுதா? அப்ப எர்த் போச்சு" என்றார் மெக்கானிக், எட்டிக்கூடப் பார்க்காமல்.

இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே கரண்ட் திரும்பிவரப் பின்னல் பட்டை ஒன்று உண்டு. ஸ்டார்ட்டர் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட கரண்ட் அதன் வழியாகத்தான் வர வேண்டும். பட்டையின் ஒரு முனை, ஒரு இடம் விடாமல் பூசிய பிராக்கெட்டில் முறுக்கியிருந்தது. வழியில்லாத கரண்ட் சோக் கேபிளைப் பிடித்துக்கொண்டது. எர்த் இருந்ததால் ஒட்டிய பொடி, ஒட்டிய பிறகு எர்த்தையே அடைத்துவிட்டது.

மெக்கானிக் அரத்தை எடுத்து, ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பூச்சைச் சுரண்டினார். உரிமையாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வண்டி முதல் அடியிலேயே கிளம்பியது.

எண்ணெய் இன்னும் ஒழுகுகிறது. முன்பு கறுப்பில் தெரியாது. இப்போது சாம்பல் மேல் கோடு கோடாகத் தெளிவாகத் தெரிகிறது. போளூர்ப் பக்கம் இறங்கும்போதெல்லாம் அவர் வேகத்தைக் குறைத்து வீடுகளைப் பார்த்துக்கொண்டே போகிறார். அந்த இரட்டைக் கதவு கேட் இன்னும் கண்ணில் படவில்லை.