பத்து நிமிஷத்துல வந்துருவேன்லா!

என் நண்பர் கிள்ளானுக்கு எப்போது கிளம்பினாலும் பத்து தீகா டோலில்தான் மாட்டிக்கொள்வார். "டோல்ல பயங்கர ஜாம்லா, பத்து நிமிஷத்துல வந்துருவேன்!" கூட்டரசு நெடுஞ்சாலையின் அந்தச் சாவடியில் 2018 ஜனவரி 1 முதல் காசே வாங்குவதில்லை. பிறகு இவரை மட்டும் யார் பிடித்து வைக்கிறார்கள் என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்.

பொய்யர் என்று சொல்லிவிடலாம். உளவியல் அவ்வளவு கடுமையாகப் பேசாது. டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இந்த நோய்க்குப் பெயர் வைத்துவிட்டார்கள். திட்டமிடல் மயக்கம் என்று சொல்லலாம். ஒரு வேலைக்கு நேரம் கணிக்கும்போது, எல்லாம் ஒழுங்காக நடக்கிற ஒரு சினிமாவை மனம் ஓட்டிப் பார்க்கிறது. போன தடவை நடந்தது அந்தப் படத்தில் வராது.

கானமனையே இது விடவில்லை. இஸ்ரேலில் பள்ளிப் பாடநூல் எழுத ஒரு குழு சேர்த்தார். ஏறக்குறைய இரண்டு வருடம் போதும் என்று எல்லாரும் எழுதிக்கொடுத்தார்கள். இதற்கு முன் இப்படிப்பட்ட குழுக்களுக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று குழுவிலிருந்த பாடத்திட்ட நிபுணரைக் கேட்டார். ஏழு வருடத்துக்குள் யாரும் முடித்ததாக நினைவில்லை என்றார் அவர். அந்த மனிதரும் சற்று முன் இரண்டு வருடம் என்றுதான் எழுதியிருந்தார்! கடைசியில் எட்டு வருடம் ஆனது; நூலை யாரும் பயன்படுத்தவுமில்லை. நூலின் பொருள், சரியாக முடிவெடுப்பது எப்படி என்பது. கானமனுக்காவது 2002-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நண்பருக்கு ஆறிப்போன தே தாரிக்தான்.

இந்த மயக்கத்துக்குக் கானமனும் ட்வெர்ஸ்கியும் சொன்ன மருந்து, போன தடவை என்ன நடந்தது என்று கேட்பது. தீபாவளிக்கு முன் ஜாலான் தெங்கு கிளானா பக்கம் ஒரு தையற்காரம்மாவிடம் அதைக் கொடுத்துப் பார்த்தேன்.

"வியாழக்கிழமை வந்து எடுத்துக்குங்க தம்பி."

"போன வருஷமும் வியாழன்னுதான் சொன்னீங்க அக்கா. தீபாவளிக்கு மொத நாள் ராத்திரிதானே கொடுத்தீங்க?"

"அப்ப பையனுக்குப் பரீட்சை."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"மெஷின் ரிப்பேர்."

அதற்கும் முந்தின வருடம் தங்கச்சி கல்யாணமாம். ஒவ்வொரு தாமதத்துக்கும் தனித்தனிக் காரணம் இருப்பதால், மனிதர்கள் அவற்றைக் கூட்டிப் பார்ப்பதே இல்லை என்கிறது ஆய்வு. அக்கா எந்த ஆய்வையும் படித்தவரல்ல. ரவிக்கை தீபாவளிக்கு முதல் நாள் இரவு வந்தது.

அடுத்தவர் வேலைக்கு நேரம் சொல்லும்போது இந்த மயக்கம் நமக்கு அவ்வளவாக வருவதில்லை. ஆகவே கல்யாண வரவேற்புக்கு அழைப்பிதழ் அடிப்பவர்களே, நேரத்தை மாப்பிள்ளை வீட்டில் கேட்காதீர்கள். மண்டபத்துச் சமையல்காரரைக் கேட்டுப் போடுங்கள்.