நாக்கை நீட்டச் சொல்லும் பாடம்

1978இல் கூலாய் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியை முடித்துவிட்டுப் புகுமுக வகுப்புக்குப் போனோம். மலாய் தேறுவதற்காக எங்களுக்கென்று ஓராண்டு கூடுதல் படிப்பு. ஆங்கிலம் ஒரு பாடம், அவ்வளவுதான். ஆசிரியர் ரோத்தான் பிரம்பை மேசைமேல் வைத்துவிட்டு வாசிப்பார். நாங்கள் கூட்டமாகத் திருப்பிக் கத்துவோம். 'த்ரீ' சொல்ல நாக்கு நுனி பல்லிடையே வரவேண்டும் என்று அவர் சொன்னதேயில்லை. நாக்கை நீட்டினால் அடி விழுந்த காலம். அவர் மட்டும் எப்படி நீட்டிக் காட்டுவார்? 'ஃ' போட்டு எழுதும் ஒலிக்கு மேல்பல் கீழுதட்டைத் தொடவேண்டும் என்பதும் ரகசியமாகவே இருந்தது. ஊர் முழுக்கக் 'காப்பி' குடித்தோம்.

பிறகு வேலைக்கு ஜொகூர் பாரு வந்தபோது, சிங்கப்பூரின் 88.9 பண்பலையில் பிபிசி, கடப்பிதழ் இல்லாமலே நீரிணை தாண்டி வந்தது. குரல் கேட்டது, வாய் தெரியவில்லை.

2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் என்றார்கள்; 2012 முதல் படிப்படியாகப் பழையபடி மாற்றினார்கள். என் மகன் அந்த இடைவெளியில் மாட்டியவன். 'ஃபோட்டோசிந்தெசிஸ்' பிழையில்லாமல் எழுதுவான். வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான்.

இப்போது அண்ணன் பேத்தி படிவம் மூன்று. அவளுடைய ஆசிரியை வாட்ஸ்அப்பில் டிக்டாக் காணொளி அனுப்புகிறார். ஒரு நிமிடம்கூட இல்லை. திரை நிறைய ஒரு வாய். பல்லிடையே நாக்கு கூச்சமில்லாமல் எட்டிப் பார்க்கிறது. நிறுத்தலாம், மெதுவாக்கலாம், அலுக்கும்வரை திரும்பப் பார்க்கலாம். எங்களுக்கு இரண்டாவது தடவை கேட்டால் ரோத்தான்தான் பதில் சொல்லும். வானொலியில் ஒளிந்திருந்த பிபிசியே யூடியூப்பில் டிம் என்பவரை முகம் காட்டவைத்து உச்சரிப்புப் பாடம் நடத்துகிறது.

சங்கடம் ஒன்று உண்டு. காலையில் பார்த்தது லண்டன் வாய், மாலையில் பார்த்தது அமெரிக்க வாய். அதனால் காலையில் 'வாட்டர்' கேட்டவள் மாலையில் 'வாடர்' கேட்கிறாள். கிடைப்பதென்னவோ அதே குழாய்த் தண்ணீர்.

"தாத்தா, சால்மன்ல 'எல்' சொல்லக்கூடாது."

"தோட்டத்துல நாங்க தின்னது டின் சார்டின்மா. அதுல எல்லா எழுத்தையும் சொல்லலாம்."

அவள் சொன்னது சரிதான். ஆனால் கட்டைவிரலைத் தள்ளினால் அடுத்து வருவது பூனை நடனம். பார்த்ததெல்லாம் அதோடு போச்சு. ஆசிரியை கெட்டிக்காரி. அவரவர் வாயைப் படமெடுத்து அனுப்பினால்தான் வீட்டுப்பாடம் முடிந்ததாகக் கணக்கு. இவளும் இரவு பத்து மணிவரை நாக்கை நீட்டிப் படமெடுத்து அனுப்பிவிட்டுத் தூங்குகிறாள். காலையில் பள்ளி வாசலில் கட்டொழுங்கு ஆசிரியர் அவள் பையைத் துழாவுகிறார், கைப்பேசி ஒளித்து வைத்திருக்கிறாளா என்று.