குத்தியது இடுப்பில், கோளாறு கண்ணில்!

கேள்வி: முதுகில் மயக்க ஊசி போட்டால் நரம்பு போய்விடும் என்கிறார்களே, நிஜமா?

பதில்: பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்போடு முடிந்துவிடும். ஊசி இறங்குவது அதற்கும் கீழே. அங்கே நரம்பு வேர்கள் திரவத்தில் நூல் நூலாக மிதக்கின்றன. ஊசி வந்தால் பெரும்பாலும் விலகி வழிவிடும். டவுன் பஸ் பயணிகளைவிட மரியாதை தெரிந்தவை! நிரந்தரப் பாதிப்பு மிக மிக அரிது.

விசித்திரமான ஒன்றும் உண்டு. ஊசி போட்ட ஓட்டை வழியே திரவம் கசிந்தால் மூளை சற்றே கீழிறங்கும்; தலைவலி வரும். 1898-ல் ஜெர்மனியின் கீல் நகரில் தன் முதுகிலேயே இந்த ஊசியைச் சோதித்த டாக்டர் ஆகஸ்ட் பியருக்குப் பல நாள் தலைவலி. அபூர்வமாகச் சிலருக்கு, கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாம் கபால நரம்பும் இழுபட்டு, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். அதுவரை ஆஸ்பத்திரி பில்லும் இரண்டாகத் தெரியலாம். ஒன்றைக் கட்டினால் போதும்.

ஆனால் மருந்தின் வேகம் அடங்கிய பிறகும் கால் மரத்தே இருந்தாலோ, சிறுநீர் பிரியாவிட்டாலோ பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் யோசனை கேட்காதீர்கள். உடனே டாக்டரிடம் ஓடுங்கள். ஓட முடியாவிட்டால், ஆட்டோ!