சிங்கம் சுமந்த அம்மா

கேள்வி: தாய்ப்பாசத்துக்கு எத்தனை வருஷம் செல்லுபடி? – ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தானே சிதறால்? ஒரு நடை மலையேறிப் பாருங்கள். சமணர் செதுக்கிய பாறையில், இரண்டு பிள்ளைகளோடு அம்பிகை நிற்கிறாள். கூடவே ஒரு சிங்கம். சமணர் சொல்லும் கதை இது: துறவிக்குச் சோறு போட்ட குற்றத்துக்காகக் கணவன் அவளைப் பிள்ளைகளோடு விரட்டினான். வழியில் பிள்ளைகள் பசித்து அழ, பட்டுப்போன மாமரம் பழுத்துக் கொடுத்தது. பின்னாளில் அவள் யட்சி என்ற காவல் தெய்வமானாள். கணவன்? மறுபிறவியில் அவளைச் சுமக்கும் சிங்கம்! வீட்டில் கர்ஜிப்பவர்கள் கவனிக்க.

ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குறத்தியார் என்ற சமணப் பெண் ஆசிரியர் இதே சிதறால் மலையில் உள்ள பெண் தெய்வமான பகவதிக்குப் பொன் கொடுத்ததாக வட்டெழுத்துக் கல்வெட்டு சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டு வாக்கில் இங்கிருந்த சமணக் கோயில் இந்துக் கோயிலானது. தீர்த்தங்கரர்கள் பாறையோடு மௌனமானார்கள்; பகவதிக்கு மட்டும் விளக்கு அணையவில்லை.

சமயம் மாறினாலும் அம்மா அதே அம்மாதான். செல்லுபடிக்குக் கடைசித் தேதி கிடையாது!