ஏழு கணவாய், ஒரு சைக்கிள்

கே: வெளிநாட்டில் ஒரே ஒரு சைக்கிள் போட்டிக்குத்தான் கையில் பணம் இருக்கிறது. எதற்குப் போகலாம்?

ப: இத்தாலியின் மரத்தோனா டிலெஸ் டோலோமிட்டீஸ். யோசிக்கவே மாட்டேன். 1987 முதல் நடக்கிறது. ஜூலை முதல் ஞாயிறு, காலை ஆறரை மணிக்கு லா வில்லாவில் கிளம்பி கொர்வாராவில் முடியும். 138 கி.மீ. தூரம், மொத்த ஏற்றம் 4,230 மீட்டர். வழியில் ஏழு கணவாய்கள். அதில் கம்போலோங்கோவை மட்டும் இரண்டு முறை தாண்ட வேண்டும். அன்று காலை அந்தச் சாலைகளில் கார், லாரி, பைக் எதையும் விடமாட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ஓட்டுகிறார்கள், ஆனாலும் ஏற்றத்தில் உங்கள் காதில் விழுவதெல்லாம் செயின் ஓசையும் பக்கத்து ஆளின் மூச்சும்தான்.

கே: அதற்குக் குலுக்கல் உண்டாமே? பெயர் விழாவிட்டால்?

ப: விழாதவர்களே அதிகம். ‘செல்லாரோண்டா பைக் டே’ இருக்கிறது, அதற்குப் போங்கள். செல்லா மலையைச் சுற்றியுள்ள நான்கு கணவாய்ச் சாலைகளையும் மோட்டார் வாகனங்களுக்கு மூடிவிட்டு, சைக்கிளுக்குத் திறந்துவிடுகிற நாள் அது. வழக்கமாக ஜூனில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று. கட்டணம் இல்லை, குலுக்கல் இல்லை. சுற்று ஏறக்குறைய 55 கி.மீ.

கே: பரிசு வாங்க வாய்ப்பு உண்டா?

ப: இல்லை. முடிவுக்கோட்டைத் தொட வாய்ப்பு உண்டு, நம்மைப் போன்றவர்கள் போவது அதற்குத்தான். 55, 106, 138 என மூன்று தூரங்கள். பாதை பிரிகிற இடத்தில் கால்களின் நிலைமையைப் பார்த்து முடிவெடுக்கலாம். நேரம் கடந்து வருகிறவர்களை நீளப் பாதையில் விடமாட்டார்கள். 106-ஐ முடித்தாலே 3,130 மீட்டர் ஏறியிருப்பீர்கள். தலைநிமிர்ந்து ஊர் திரும்பலாம்.

கே: மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு நிற்காமல் ஏறியவன் நான். போட்டியில் வரும் ஜியாவு கணவாய் அதைவிடப் பெரிசா?

ப: தூரத்தில் சிறிசு, சரிவில் பெரிசு. கோத்தகிரிச் சாலை சுமார் 33 கி.மீ.; சராசரியாக நூறு மீட்டருக்கு நாலரை மீட்டர் உயர்கிறீர்கள். ஜியாவு 9.9 கி.மீ.தான், ஆனால் அதற்குள் 922 மீட்டர் உயரம். அதாவது நூறுக்கு ஒன்பது மீட்டருக்கும் மேல், இரண்டு மடங்கு. 29 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருப்பார்கள். போட்டியன்று ஐந்து ஏற்றங்களை முடித்த கால்களோடுதான் முதல் எண்ணைப் பார்ப்பீர்கள்.

மணிக்கு 8 கி.மீ. வேகம் என்று வையுங்கள். ஒன்றேகால் மணி நேரம் ஆகும். இங்கே காப்பாற்றுவது வீரம் அல்ல, கியர். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் இருந்தால் அந்த வேகத்துக்கு நிமிடத்துக்கு 63 முறை பெடலைச் சுற்றுவீர்கள். மூச்சு வாங்கும், கால் நிற்காது. பழைய பாணியில் முன்னால் 39, பின்னால் 25 என்று போனால் அதே வேகத்துக்கு 41 சுற்றுதான் வரும். ஒவ்வொரு சுற்றும் முழங்காலை நெரிக்கும். புது சைக்கிள் வாங்க யோசிக்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: சட்டத்தின் எடையில் 300 கிராம் குறைக்கச் செலவழிப்பதைவிட, பின்சக்கரத்துக்குப் பெரிய பல்சக்கரம் போடுங்கள்.

முதல் ஐந்து வளைவுகளைப் பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தில் ஏறுங்கள். உங்களைத் தாண்டிப் போகிறவர்களில் பலரைப் பதினெட்டு, இருபதாம் வளைவுகளில் சாலையோரம் நிற்கக் காண்பீர்கள். உச்சி 2,236 மீட்டர். கடல்மட்டத்தைவிட ஆக்சிஜன் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. மரங்கள் முடிந்து புல்வெளி வரும், தலைக்கு மேல் ரா குசேலா பாறை நிமிர்ந்து நிற்கும். அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்த ஒரு நிமிடத்தால் யாருக்கும் எதுவும் கெட்டுப்போகாது.

கோத்தகிரியை விட்டுவிடாதீர்கள். மணிக்கணக்கில் விடாமல் மிதிக்கப் பழக்குவதில் அதற்கு ஈடில்லை.

கே: ஏறியாகிவிட்டால் இறங்குவது சுகம்தானே?

ப: கவனம் இருந்தால் சுகம். வியர்த்த உடம்போடு குளிரில் பாயப் போகிறீர்கள். ஆகவே காற்றுத் தடுப்பு ஜாக்கெட்டை உச்சியிலேயே போட்டு ஜிப்பை மூடுங்கள். அந்தக் காலத்துப் பந்தயக்காரர்கள் உச்சியில் செய்தித்தாளை வாங்கி பனியனுக்குள் செருகிக்கொள்வார்கள்; இன்றைக்கும் அது பலன் தரும். பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து முடித்துவிடுங்கள். நெடுக அழுத்திக்கொண்டே இறங்கினால், ரிம் பிரேக் சைக்கிளில் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். பயிற்சி நாட்களில் இன்னொன்று: அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. களைத்த மூளை நம் ஊர்ப் பழக்கத்தில் இடப்பக்கம் ஒதுங்கும். எதிரே பஸ் வரும்.

கே: சொந்த சைக்கிளா, வாடகையா?

ப: போட்டிக்குச் சொந்த சைக்கிள், சுற்றிப்பார்க்க வாடகை. பெட்டியில் அடுக்கும்போது: சீட் கம்பத்தில் உயரம் தெரிய டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். இடது பெடலின் மரை தலைகீழ். வழக்கமான பக்கம் திருகினால் இன்னும் இறுகும். டிஸ்க் பிரேக் என்றால் சக்கரத்தைக் கழற்றியதும் பேடுகளுக்கு நடுவே அட்டைத் துண்டை வையுங்கள். வைக்காமல் லீவரை யாராவது அழுத்தினால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும், அங்கே போய்ப் பிரித்தெடுக்க அரை நாள் போகும். எலக்ட்ரிக் சைக்கிளை அங்கேயே வாடகைக்கு எடுங்கள். அவ்வளவு பெரிய பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்றமாட்டார்கள்.

கே: என் கணவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு விடிகாலையில் போய்விடுவார். நான் அறையில் உட்கார்ந்து என்ன செய்வது?

ப: அறையில் ஏனம்மா உட்கார வேண்டும்? போட்டி நாளை விட்டுவிடுங்கள், அன்று சாலை மூடியிருக்கும். மற்ற நாட்களில் பால்சரேகோ கணவாய்க்கு பஸ் பிடியுங்கள். அங்கிருந்து கேபிள் காரில் சில நிமிடங்களில் லகாசுவோய். 2,752 மீட்டர் உயரத்தில் ஒரு மலைக்குடில், சுற்றிலும் சிகரங்கள், சூடாகச் சூப். முதல் உலகப் போரில், 1915 முதல் 1917 வரை, இத்தாலிய வீரர்களும் ஆஸ்திரிய வீரர்களும் இந்தப் பாறைக்குள் சுரங்கம் குடைந்து, ஒருவர் இருக்கும் இடத்துக்கு அடியில் மற்றவர் வெடி வைத்தார்கள். இத்தாலியர் குடைந்த சுரங்கத்தின் வழியாகவே கணவாய்க்கு இறங்கிவரலாம். உள்ளே கும்மிருட்டு, படிகள் ஈரமாகவும் செங்குத்தாகவும் இருக்கும்; ஹெல்மெட்டும் தலைவிளக்கும் இல்லாமல் நுழையக் கூடாது. பாறைச் சுவரில் ஆங்காங்கே ஜன்னல் மாதிரி துளைகள் இருக்கின்றன. இருபது வயதுப் பையன்கள் துப்பாக்கியோடு பனிக்காலம் முழுக்க உட்கார்ந்திருந்த இடம் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கும். மலை அழகை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இது கிடைக்காது. முழங்கால் ஒத்துழைக்காதென்றால் கேபிள் காரிலேயே இறங்கிவிடுங்கள். இன்னொரு நாள் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் பார்க்க வேண்டியது இது.

கே: ஜூலை வானத்தை நம்பலாமா?

ப: காலையில் நம்பலாம், மதியத்துக்குப் பிறகு கூடாது. வெயில் ஏறஏற மேகம் திரண்டு பிற்பகலில் இடி இறங்கும். நடை எதுவானாலும் ஏழு, எட்டு மணிக்குள் கிளம்பி இரண்டு மணிக்குள் கூரைக்கு அடியில் இருங்கள். இரும்புக் கயிறு பிடித்து ஏறும் பாதைகளில் இருக்கும்போது இடி கேட்டால் அந்தக் கயிறே எமன். அவசர எண் 112. போன் எடுக்கவில்லையென்றால் நிமிடத்துக்கு ஆறு விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. பதிலுக்கு நிமிடத்துக்கு மூன்று வந்தால் உங்களைக் கேட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

கே: சுத்த சைவம். பட்டினி கிடப்பேனா?

ப: மாட்டீர்கள். தக்காளி பாஸ்தா, பொலெந்தா, காளான், சீஸ் எல்லாம் கிடைக்கும். கானெதெர்லி என்ற ரொட்டி உருண்டையை மட்டும் விசாரித்துச் சாப்பிடுங்கள். பெரும்பாலும் பன்றி இறைச்சி சேர்த்திருப்பார்கள். கீரை போட்டதும் உண்டு, அதிலும் முட்டை இருக்கும். சைக்கிளில் இருக்கும்போது மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். பசிப்பதற்கு முன்பே சாப்பிடுங்கள். வாழைப்பழமும் பேரீச்சையும் போதும். கடலை மிட்டாயைப் போட்டி முடிந்த பிறகு பிரியுங்கள். ஏற்றத்தில் அதன் கொழுப்பு வயிற்றில் தங்கிவிடும்.

கே: வயது 61. தாமதமாகிவிட்டதா?

ப: பிரான்ஸின் ராபர்ட் மார்ஷான் 2014-இல் ஒரு மணி நேரத்தில் 26.927 கி.மீ. ஓட்டினார். அப்போது அவருக்கு 102 வயது. 105 வயதில் மறுபடி வந்து 22.547 கி.மீ. ஓட்டினார். இதய மருத்துவரை ஒருமுறை பாருங்கள். இத்தாலியில் போட்டிக்கு மருத்துவச் சான்றிதழ் எப்படியும் கேட்பார்கள்.

கே: விசா?

ப: பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். கோடைக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே கஷ்டம், முதல் வாய்ப்பிலேயே போடுங்கள். 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதில் சைக்கிள் போட்டிக்கு விலக்கு போட்டிருக்கிறதா என்று வரிவரியாகப் படியுங்கள்.

கே: எத்தனை நாள் லீவு போடலாம்?

ப: பத்து நாள். ரோம், வெனிஸ், பாரீஸ் எதையும் சேர்க்காதீர்கள். ஒரே பள்ளத்தாக்கில் தங்குங்கள். முதல் இரண்டு நாள் நடை, உடம்பு உயரத்துக்குப் பழகட்டும். பிறகு ஒரு நாள் அரப்பாவிலிருந்து பொர்தோய் கணவாய்: 33 வளைவுகள், உச்சியில் அந்தக் காலத்து இத்தாலியச் சைக்கிள் வீரர் ஃபவுஸ்தோ கொப்பியின் நினைவுச்சின்னம், காபி. அடுத்து இரண்டு நாள் ஓய்வு, அப்புறம் போட்டி. மீதி நாட்களை மலைக்குடில்களுக்குக் கொடுங்கள். மூன்று நாள்தான் லீவு கிடைக்கும் என்றால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடுங்கள். அவ்வளவு தூரம் பறந்துபோய், ஓட்டிவிட்டு மறுநாளே விமானம் ஏறுகிற பயணத்துக்கு நான் சரி என்று சொல்லமாட்டேன்.